குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்: சுங்கை சிப்புட் தோட்டங்களிலும் கடைகளிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோட்ட ஆபீசில் சம்பளக் கணக்கு எழுதிப் பழகியவன் நான். இப்போது மலேசியாவின் பேரா மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் பட்டணத்தில் சிறுகடைகளுக்குக் கணக்குப் பார்க்கிறேன். சம்பள விகிதம் மாறும்போதெல்லாம் செம்பனைப் பழம் வெட்டுகிறவர்களும் கேட்கிறார்கள், கடை வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள், தோட்டத்தில் ஆள் எடுத்து வேலை செய்யும் காண்ட்ராக்டர்களும் கேட்கிறார்கள். இரு தரப்புக்கும் விதி ஒன்றுதான் என்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதியிருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சம்பளச் சீட்டின் அடியில் இருக்கும் மொத்தத் தொகையைப் பார்த்து ஏமாறாதீர்கள். மேலே 'அடிப்படைச் சம்பளம்' என்று இருக்கும் வரியைப் பாருங்கள். பெரும்பாலான தகராறு அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

இப்போது நடப்பில் இருக்கும் விகிதம் எவ்வளவு?

மாதம் 1,700 ரிங்கிட். 2024-ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பள ஆணை இதை நிர்ணயித்தது. 2025 பட்ஜெட்டில் பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். ஐந்து பேருக்கும் மேலாகவோ சரியாக ஐந்து பேரோ வேலை செய்யும் இடங்களுக்கு 2025 பிப்ரவரி 1 முதலும், ஐந்துக்குக் குறைவான ஆட்கள் உள்ள இடங்களுக்கு 2025 ஆகஸ்ட் 1 முதலும் அமலுக்கு வந்தது.

மணிக்கணக்கில் வேலை செய்தால் மணிக்கு 8.72 ரிங்கிட். நாள் சம்பளம் என்றால் வாரத்தில் எத்தனை நாள் வேலை என்பதைப் பொறுத்து மாறும்: ஆறு நாள் வேலைக்கு ஒரு நாளுக்கு 65.38, ஐந்து நாள் வேலைக்கு 78.46, நான்கு நாள் வேலைக்கு 98.08.

வருஷா வருஷம் ஏறுமா? பேராவுக்கு ஒண்ணு, சிலாங்கூருக்கு ஒண்ணுன்னு இருக்கா?

இரண்டுக்குமே 'இல்லை' என்பதுதான் பதில். சில நாடுகளில் மாநிலங்கள் தங்கள் விகிதத்தைத் தாங்களே வைத்துக்கொள்கின்றன, சில ஒவ்வொரு ஜனவரியிலும் மாற்றுகின்றன. இங்கே 2011-ஆம் ஆண்டின் தேசியச் சம்பள ஆலோசனை மன்றச் சட்டப்படி, மன்றம் குறைந்தது இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை விகிதத்தை மறுஆய்வு செய்ய வேண்டும். மாநில அரசுக்கு இதில் வேலை இல்லை.

ஆனால் இடத்துக்கு இடம் வித்தியாசம் இருந்த காலமும் உண்டு. முதல் ஆணை 2013 ஜனவரி 1-இல் தீபகற்பத்துக்கு 900, சபா, சரவாக், லாபுவானுக்கு 800 என்று தொடங்கியது. 2016 ஜூலை 1-இல் 1,000-மும் 920-மும் ஆனது. 2019 ஜனவரியில்தான் நாடு முழுவதும் ஒரே 1,100. 2020 பிப்ரவரியில் மறுபடியும் பிரித்தார்கள்: 56 மாநகர, நகராண்மைக் கழக வட்டாரங்களுக்கு 1,200, மற்ற இடங்களுக்கு 1,100. அந்தக் காலத்தில் தோட்டத்துக்காரர்கள் நிறையப் பேர் தங்கள் லயம் (தோட்டக் குடியிருப்பு) எந்தக் கழக எல்லைக்குள் வருகிறது என்றே தெரியாமல் இருந்தார்கள். நூறு ரிங்கிட் வித்தியாசத்தை வரைபடத்தில் ஒரு கோடு முடிவு செய்தது நியாயமாக எனக்குப் படவில்லை. 2022 மே 1-இல் 1,500 வந்தபோது இடப் பிரிவு போய், ஆட்களின் எண்ணிக்கையை வைத்துத் தவணை வந்தது. சிறிய முதலாளிகளுக்கு 2023 ஜூலை 1 வரை அவகாசம் கிடைத்தது. இன்று அந்தப் பிரிவும் இல்லை.

ஆக, அடுத்த மாற்றம் எந்த மாதத்தில் வரும் என்று காலண்டரைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஜனவரி, பிப்ரவரி, மே, ஜூலை என்று வெவ்வேறு மாதங்களில் வந்திருக்கிறது. பட்ஜெட் உரையில் ஒரு தொகையைச் சொன்னால் மட்டும் போதாது. அரசாங்க கெஸட்டில் ஆணை வெளியாகி, அதில் போட்டிருக்கும் தேதியில்தான் சட்டமாகும்.

நம்ம கடையில மூணே பேருதான். எனக்கும் உண்டா, அண்ணே?

உண்டு. 2025 ஆகஸ்ட் 1 முதல் ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும் 1,700 தான். 'சின்னக் கடைக்குக் கிடையாது' என்ற பேச்சு இன்னும் சந்தைப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. அது முடிந்துபோன கதை. சாப்பாட்டுக் கடை, மளிகைக் கடை, முடிதிருத்தும் நிலையம், கார் கழுவும் இடம் எல்லாம் ஒன்றுதான்.

கோயில் நிர்வாகம் ஆபீசுக்கு ஒரு ஆளையும் கூட்டிப் பெருக்க ஒரு ஆளையும் சம்பளத்துக்கு வைத்திருந்தால் அதுவும் முதலாளிதான். கம்பெனியாகப் பதிந்திருக்க வேண்டும் என்று இல்லை. வீட்டு வேலை செய்யும் பணிப்பெண்ணுக்கு மட்டும் இந்த ஆணை பொருந்தாது.

அலவன்ஸ் எல்லாம் சேர்த்து 1,700 கொடுத்தா போதாதா?

போதாது. அதிகமாகத் தவறு நடப்பது இங்கேதான் என்பதால் ஒரு சீட்டையே எடுத்து வரி வரியாகப் பார்ப்போம். நான் எழுதிய மாதிரிச் சீட்டு இது. ஆனால் இப்படிப்பட்டவை இன்றும் நடமாடுகின்றன.

அடிப்படைச் சம்பளம் 1,450. வருகை அலவன்ஸ் 100. சாப்பாட்டு அலவன்ஸ் 80. பெட்ரோல் 70. மொத்தம் 1,700. பார்த்தால் சரியாக இருக்கிறது. ஆனால் சட்டம் கேட்பது முதல் வரியை மட்டும். அந்தத் தொழிலாளிக்கு மாதம் 250 ரிங்கிட் குறைகிறது. வருகை அலவன்ஸ் ஒரு நாள் வராவிட்டால் போய்விடும், பெட்ரோல் மோட்டார் சைக்கிளில் எரிந்துவிடும். கூலி அப்படிப் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் அடிப்படைச் சம்பளத்துக்கு வரம்பு வைத்தார்கள்.

ஹோட்டல்களில் வாடிக்கையாளர் தரும் சேவைக் கட்டணத்தை வைத்து அடிப்படைச் சம்பளத்தை நிரப்பப் பார்த்தார்கள். வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. அப்படி நிரப்பக் கூடாது என்று 2021-இல் தீர்ப்பு வந்தது. அந்தப் பணம் தொழிலாளிக்குச் சேரவேண்டியது, முதலாளி தன் கடமையை அதில் கழிக்க முடியாது என்பதே அதன் சாரம்.

முதலாளி அலவன்ஸ்களைத் திருத்தி அமைக்க நினைத்தால் தொழிலாளியோடு, சங்கம் இருந்தால் சங்கத்தோடு, பேசி எழுத்தில் முடிக்க வேண்டும். ஒரு மாதச் சீட்டில் திடீரென்று அலவன்ஸ் காணாமல் போய் அடிப்படை ஏறியிருந்தால், கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஒரு நாளைக்கு எவ்வளவுன்னு கணக்குப் போடும்போது 30-ஆல வகுக்கலாமா?

நாள் சம்பளக்காரருக்குக் கூடாது. 1,700-ஐ 30-ஆல் வகுத்தால் 56.67 வரும். வாரம் ஆறு நாள் வேலை செய்பவருக்கு அது ஒரு நாளைக்கு 8 ரிங்கிட் 71 சென் குறைவு. மாதத்தில் 26 நாள் வேலை செய்தால் 226 ரிங்கிட்டுக்கு மேல் போய்விடும். 65.38 எப்படி வந்தது என்றால், 1,700-ஐ 12 மாதத்தால் பெருக்கி, 52 வாரத்தால் வகுத்து, அதை ஆறு நாளுக்குப் பங்கிட்டது. 26-ஆல் வகுத்தாலும் அதே 65.38 தான்.

மாதச் சம்பளக்காரர் மாத நடுவில் வேலைக்குச் சேர்ந்தாலோ, சம்பளமில்லா லீவு எடுத்தாலோ கணக்கு வேறு. அப்போது அந்த மாதத்தில் உள்ள மொத்த நாட்களால் வகுத்து, தகுதியான நாட்களால் பெருக்க வேண்டும். இந்த இரண்டு கணக்கையும் குழப்பிக்கொள்வதால்தான் 56.67 என்ற தொகை சில தோட்டச் சீட்டுகளுக்குள் நுழைந்துவிடுகிறது.

மழை பேஞ்சா பெரட்டுல (காலையில பேர் கூப்பிடுற இடத்துல) நிக்க வச்சுத் திருப்பி அனுப்பிடுறாங்க. அன்னைக்குச் சம்பளம் இல்லையா?

இதற்குத் தோட்டத்துக்கென்றே ஒரு விதி 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் இருக்கிறது. அதன் 16-ஆம் பிரிவு. வேலை செய்த நாட்களைக் கணக்கிட்டுச் சம்பளம் வாங்கும் தோட்டத் தொழிலாளிக்கு, முதலாளி மாதத்தில் குறைந்தது 24 நாள் வேலை தர வேண்டும். தொழிலாளி வேலைக்குத் தயாராக இருந்தும் அத்தனை நாள் வேலை தர முடியாமல் போனால், குறைந்த நாட்களுக்கும் வேலை செய்தது போலவே கூலி கொடுக்க வேண்டும்.

அதனால்தான் காலையில் பெரட்டுக்குப் போவது முக்கியம். 'எப்படியும் மழைதான்' என்று வீட்டிலேயே படுத்துவிட்டால் நீங்கள் தயாராக இருந்தீர்கள் என்று காட்ட வழியில்லை. போய் நின்று, செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) பேர் விழுந்ததா என்று பாருங்கள். திருப்பி அனுப்பிய தேதிகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

ஒரு விஷயத்தை மறைக்க விரும்பவில்லை: 24 நாளை 65.38-ஆல் பெருக்கினால் 1,569.12 தான் வரும், 1,700 வராது. நாள் கூலிக்கு இருக்கும் இந்தப் பள்ளம் எனக்குப் பிடிக்கவில்லை. தோட்டத்தில் மாதச் சம்பளம் வேண்டும் என்று சங்கம் இத்தனை காலம் போராடியதற்குக் காரணமே இதுதான்.

நான் டன் கணக்குல பழம் வெட்டுறேன். பழம் குறைஞ்ச மாசத்துல 1,700 வரலைன்னா?

முதலாளி நிரப்பித் தர வேண்டும். டன், துண்டு, வேலை அளவு, பயணம், கமிஷன் இவற்றை மட்டும் வைத்துச் சம்பளம் வாங்குபவருக்கும் மாதச் சம்பளம் 1,700-க்குக் குறையக் கூடாது என்று ஆணையிலேயே தனியாக எழுதியிருக்கிறார்கள். அடிப்படைச் சம்பளம் என்ற வரியே இல்லாதவர்களுக்காகப் போட்ட பாதுகாப்பு அது.

டன்னுக்கு 40 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். மரம் காய்ப்பு குறைந்த மாதத்தில் முழு மாதமும் வேலைக்கு வந்த ஒருவர் 38 டன் இறக்குகிறார். 1,520 ரிங்கிட். மீதி 180-ஐ முதலாளி சேர்க்க வேண்டும். சேர்த்த பணத்துக்கும் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) உண்டு. அடுத்த மாதம் பழம் கொட்டி 2,400 வந்தால், 'போன மாசம் கொடுத்த 180-ஐக் கழிச்சுக்கிறோம்' என்று சொல்ல முடியாது. அது கடன் இல்லை. ஒவ்வொரு மாதக் கணக்கும் தனி.

செம்பனை வெட்டுக்காரர் ஒருவர் கவனிக்க வேண்டியது எடையைத்தான். குலையை எண்ணி, சராசரி எடையால் பெருக்கி டன் போடும் தோட்டங்கள் உண்டு. அந்தச் சராசரியை எந்த மாதத்தில் எடுத்தார்கள், உங்கள் காட்டில் எடுத்தார்களா அல்லது வேறு காட்டில் எடுத்தார்களா என்று மண்டோரிடம் (வேலை மேற்பார்வையாளரிடம்) கேளுங்கள். இளமரக் காட்டுக் குலையின் எடையை வயதான மரக் காட்டுக்குப் போட்டால், நீளக் கம்பு அரிவாளைத் தூக்கிப் பிடித்து அந்தப் பெரிய குலைகளை இறக்குகிறவருக்குத்தான் நஷ்டம். காய்க் குலை வெட்டினதற்கு 'அபராதம்' என்று ஒரு வரி சீட்டில் இருந்தால் அதையும் கேளுங்கள். சம்பளத்தில் எதையெல்லாம் பிடிக்கலாம் என்று வேலைவாய்ப்புச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு பட்டியல் போட்டிருக்கிறது. அதில் அபராதம் இல்லை.

என் வீட்டுக்காரியும் கூட வந்து உதிரிப் பழம் பொறுக்குறா. சம்பளம் எம்பேர்லயே வருது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். குறைந்தபட்சச் சம்பளம் ஒரு குடும்பத்துக்கு 1,700 இல்லை, ஒரு ஆளுக்கு 1,700. இருவர் உழைத்து 1,900 வருகிறது, கணவர் பேரில் சீட்டு போடுகிறார்கள் என்றால் காகிதத்தில் எல்லாம் சட்டப்படி இருக்கும். உண்மையில் ஆளுக்கு 950-தான் கிடைக்கிறது.

பணத்தை விட்டாலும், பேர் இல்லாதவருக்கு இபிஎஃப் இல்லை, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி) இல்லை. காட்டில் பாம்பு கடித்தாலும், குலை விழுந்து தோள்பட்டை உடைந்தாலும், அந்தத் தோட்டத்தில் அவர் வேலையே செய்யவில்லை என்றுதான் பதிவேடு சொல்லும். நம் அம்மாக்கள் பலர் இருபது, முப்பது வருஷம் இப்படிப் பொறுக்கியும், பால் சட்டி தூக்கியும் அறுபது வயதில் ஒரு சென்கூட சேமநிதி இல்லாமல் நிற்கிறார்கள். காரணம், செக்ரோலில் பேர் இல்லை, அவ்வளவுதான்.

வேலைக்கு வரும் ஒவ்வொருவர் பேரையும் பதியச் சொல்லுங்கள். பாதி நாள் மட்டும் வருகிறவர் என்றால் பகுதி நேரத் தொழிலாளியாகப் பதியலாம், மணிக்கு 8.72-க்குக் குறையாமல் தர வேண்டும். 'பேரைப் பதிஞ்சா உன் டன்னைப் பாதியா பிரிச்சிடுவோம்' என்று சொன்னால், பிரிக்கட்டும். பிரித்தபின் இருவருக்கும் தனித்தனியாக அந்தக் குறைந்தபட்சத்தைக் கொடுக்கும் பொறுப்பு அவர்களுடையது.

நாங்க கம்பெனி ஆளு இல்ல, காண்ட்ராக்டர் ஆளுன்னு தோட்ட ஆபீசுல சொல்றாங்க.

காண்ட்ராக்டரும் முதலாளிதான். 1,700, இபிஎஃப், சொக்சோ எல்லாம் அவருக்கும் உண்டு. அவர் சம்பளம் தராமல் ஓடிவிட்டால், வேலை கொடுத்த தோட்ட நிறுவனமும் பொறுப்பு என்று வேலைவாய்ப்புச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் இரண்டு வரம்பு இருக்கிறது. அதிகபட்சம் தொடர்ந்து வரும் மூன்று மாதச் சம்பளத்துக்குத்தான் தோட்டத்திடம் கேட்க முடியும். சம்பளம் கொடுக்க வேண்டிய நாளிலிருந்து 90 நாளுக்குள் வழக்கைத் தொடங்கிவிட வேண்டும். 'அடுத்த மாசம் சேர்த்துத் தர்றேன்' என்ற பேச்சை நம்பி நான்கு மாதம் காத்திருப்பவர்கள் தோட்டத்திடம் கேட்கும் உரிமையை அப்படியே இழந்துவிடுகிறார்கள்.

இன்னும் சிலர், 'நீ தொழிலாளியே இல்ல, நீயும் ஒரு குட்டிக் காண்ட்ராக்டர்' என்பார்கள். 2023 ஜனவரி 1 முதல் இதற்கும் வழி இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் இல்லாதபோது, வேலை செய்யும் முறையும் நேரமும் அவர்கள் கட்டுப்பாட்டில் இருந்தால், கருவிகளை அவர்களே கொடுத்தால், நீங்கள் செய்வது அவர்கள் தொழிலின் ஒரு பகுதியாக இருந்தால், எதிர்மாறாக நிரூபிக்கப்படும் வரை நீங்கள் தொழிலாளிதான் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும்.

வங்காளதேசம், நேப்பாளம், தமிழ்நாட்டுலேர்ந்து வந்தவங்களுக்கும் இதே சம்பளமா?

இதேதான். சட்டத்தில் குடியுரிமை வித்தியாசம் இல்லை. வெளிநாட்டு ஆளுக்காக முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் லெவியைச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைப்பது குற்றம். 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து அவர்களுக்கும் இபிஎஃப் கட்டாயம்: தொழிலாளி 2 விழுக்காடு, முதலாளி 2 விழுக்காடு.

வெளிநாட்டு ஆட்களைக் குறைவான கூலிக்கு வைப்பதால்தான் நம் பிள்ளைகளுக்கும் கூலி ஏறவில்லை. அவர்களுக்குச் சரியான சம்பளம் கிடைப்பது நமக்கும் சேர்த்துத்தான்.

1,700-ன்னு சொல்றாங்க, ஆனா கையில 1,500-தான் வருது?

அது சரியாக இருக்கலாம். 2025 அட்டவணைப்படி, அறுபது வயதுக்குக் கீழ்ப்பட்ட மலேசியருக்கு 1,700-இல் இபிஎஃப் 11 விழுக்காடு, அதாவது 187 ரிங்கிட். சொக்சோ 8.25. வேலைக் காப்புறுதி 3.30. கழித்தால் 1,501.45. இதே ஆளுக்காக முதலாளி தன் கையிலிருந்து இபிஎஃப் 221, சொக்சோ 28.85, வேலைக் காப்புறுதி 3.30 கட்டுகிறார். ஆக ஒரு ஆளுக்கு அவர் செலவு 1,953.15. கடைக்காரர்கள் ஆள் எடுக்கும்போது இந்தத் தொகையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், 1,700-ஐ இல்லை. முதலாளி பங்கையும் தொழிலாளி சம்பளத்திலிருந்தே பிடிப்பது குற்றம்.

பிடித்ததைக் கட்டினார்களா என்று இபிஎஃப் ஆப்பில் மாதாமாதம் பாருங்கள். அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியிருக்க வேண்டும். ஓவர்டைம் பணத்துக்கு இபிஎஃப் கிடையாது, சொக்சோ உண்டு.

வீட்டு வாடகை, முன்பணம், பூட்ஸ், கடைப் பற்று இதையெல்லாம் பிடிக்கலாமா?

முன்பணத்தைப் பிடிக்கலாம், வட்டி போடக் கூடாது. தங்குமிடம், சாப்பாடு போன்றவற்றுக்குப் பிடிப்பதென்றால் தொழிலாளி எழுத்தில் கேட்டிருக்க வேண்டும், தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் முன்கூட்டியே அனுமதி தந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் பிடிக்கக் கூடாது. பாதுகாப்புக்குக் கொடுக்கும் பூட்ஸ், கையுறை, தலைக்கவசத்துக்குக் காசு வாங்கவே கூடாது. பொதுவாக எல்லாப் பிடித்தமும் சேர்ந்து அந்த மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

ஓவர்டைமுக்கும் தீபாவளி வேலைக்கும் எவ்வளவு?

2023-லிருந்து வாரத்துக்கு அதிகபட்சம் 45 மணி நேரம். அதற்கு மேல் ஒன்றரை மடங்கு. 1,700-ஐ 26-ஆல் வகுத்து, வழக்கமான வேலை மணியால் வகுக்க வேண்டும். எட்டு மணி நேர வேலை என்றால் மணிக்கு 8.17, ஓவர்டைம் 12.26. ஆறு நாளும் ஏழரை மணி நேரம் என்றால் மணிக்கு 8.72, ஓவர்டைம் 13.08. உங்கள் ஒப்பந்தத்தில் எத்தனை மணி என்று பார்த்தால்தான் எது சரி என்று தெரியும்.

பொது விடுமுறையில் வேலை செய்தால், அன்றைய விடுமுறைச் சம்பளத்துக்கு மேல் இரண்டு நாள் கூலி. தீபாவளி உங்கள் இடத்தின் விடுமுறைப் பட்டியலில் இருந்து, அன்று கடையைத் திறக்கச் சொன்னால் கூடுதலாக 130.77. சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வங்கிக் கணக்கில் விழ வேண்டும்.

தொழிலாளியே 1,400 போதும்னு கையெழுத்துப் போட்டுட்டார். நான் தப்பிச்சேனா?

இல்லை. சட்டத்தைவிடக் குறைவான ஒப்பந்தம் செல்லாது. கையெழுத்து எத்தனை இருந்தாலும் 1,700 தான் நிற்கும். அந்தக் காகிதம் உங்களுக்கு எதிரான சாட்சியாகத்தான் ஆகும். 'முதல் ஆறு மாசம் பழகுற காலம்' என்று குறைத்துக் கொடுப்பதற்கும் இன்றைய ஆணையில் இடமில்லை.

முதலாளியா நான் என்னென்ன செஞ்சு வைக்கணும்?

புதிய விகிதம் கெஸட்டில் வந்தவுடன் அமல் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரின் அடிப்படைச் சம்பளத்தையும் தனியாக எடுத்துப் பாருங்கள். குறைந்தால் அந்தத் தேதியிலிருந்தே ஏற்றி, ஒரு கடிதம் கொடுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலை என்றால் ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும். சம்பளச் சீட்டு கட்டாயம். அதில் அடிப்படை, அலவன்ஸ், ஓவர்டைம், பிடித்தம் எல்லாம் தனித்தனி வரியில் இருக்கட்டும். பதிவேடுகளை ஆறு ஆண்டு வைத்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு தொகையை அனுப்புவது சம்பளச் சீட்டு ஆகாது.

பழைய ஆளைப் பற்றியும் யோசியுங்கள். பத்து வருஷமாக உழைத்து 1,650-க்கு வந்தவருக்கும், நேற்றுச் சேர்ந்த பையனுக்கும் இப்போது ஒரே 1,700. அனுபவத்துக்கு இத்தனை கூடுதலாகக் கொடு என்று இந்த ஆணை சொல்லவில்லை. கூட்டு ஒப்பந்தம் இருந்தால் அதன்படி போக வேண்டும். இல்லாவிட்டாலும் பழைய ஆளுக்குக் கொஞ்சம் ஏற்றுங்கள். கடைச் சாவி அவர் கையில்தானே இருக்கிறது.

கொடுக்காட்டி என்ன தண்டனை?

குறைத்துக் கொடுத்த ஒவ்வொரு தொழிலாளிக்கும் 10,000 ரிங்கிட் வரை அபராதம். ஐந்து பேர் என்றால் 50,000 வரை போகும். அதோடு குறைந்த தொகையையும் கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம். தீர்ப்புக்குப் பிறகும் தொடர்ந்தால் நாளுக்கு 1,000 வரை. மறுபடியும் செய்தால் 20,000 வரை அபராதம் அல்லது ஐந்து ஆண்டு வரை சிறை.

எங்க போய்ப் புகார் கொடுக்கறது? வேலையை விட்டு எடுத்துட்டா?

ஜபாத்தான் தெனாகா கெர்ஜா என்கிற தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். நமக்கு ஈப்போ ஆபீஸ் இருக்கிறது. போனிலேயே செய்வதென்றால் அந்த இலாகாவின் 'வொர்க்கிங் ஃபார் வொர்க்கர்ஸ்' ஆப் இருக்கிறது. சங்க உறுப்பினராக இருந்தால் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் கிளைத் தலைவரையும் கூட அழைத்துப் போங்கள். சம்பளக் கோரிக்கையைத் தொழிலாளர் நீதிமன்றம் விசாரிக்கும்; வக்கீல் வைத்துத்தான் போக வேண்டும் என்று இல்லை. அடையாள அட்டை, சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்குப் பதிவு, வேலை செய்த தேதிகளை எழுதிய நோட்டு ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். சீட்டே தராத இடம் என்றால், வங்கியில் விழுந்த தொகையும் உங்கள் நோட்டும்தான் ஆதாரம்.

புகார் கொடுத்ததற்காக வேலையிலிருந்து நீக்கிவிட்டால் அது வேறு வழக்கு. 1967-ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின் கீழ், நீக்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழிலுறவு இலாகாவில் மனு கொடுக்க வேண்டும். 61-ஆம் நாள் போனால் எடுக்க மாட்டார்கள். நீக்கக் கடிதம் கொடுக்காமல் 'நாளைலேர்ந்து வராதே' என்று வாயால் சொன்னாலும் அன்றிலிருந்தே நாள் ஓடத் தொடங்கிவிடும். அதனால் அந்தத் தேதியை அன்றைக்கே எழுதி வையுங்கள், யார் சொன்னார்கள், கூட யார் இருந்தார்கள் என்பதையும் சேர்த்து.